பழைய தொடர்களும் புதிய முகங்களும்: கோபம் எங்கிருந்து வருகிறது?

16 ஏப்ரல் 2025

ஒரு வாசகரின் கேள்வியை அப்படியே தருகிறேன்: "பழைய தொடரைத் திரும்ப எடுப்பவர்கள், வெள்ளையர் நடித்த பாத்திரத்துக்குக் கறுப்பினத்தவரையும் ஆண் பாத்திரத்துக்குப் பெண்ணையும் ஏன் வேண்டுமென்றே தேர்ந்தெடுக்கிறார்கள்? பிடிக்கவில்லை என்றால் உடனே இனவெறி என்று முத்திரை குத்துகிறார்கள். பிடிக்காமல் போக எனக்கு உரிமை இல்லையா?"

உரிமை உண்டு. ஆனால் எது பிடிக்கவில்லை என்று நமக்கே தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அது தெரிய ஓர் ஆண்டு ஆயிற்று.

'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' என்ற அமெரிக்க விண்வெளித் தொடர் 2003 டிசம்பரில் குறுந்தொடராக மீண்டும் வந்தது. 1978இல் வந்த பழைய தொடரை நானும் அண்ணனும் வீடியோ கேசட் தேயத் தேயப் பார்த்தவர்கள். அதில் டர்க் பெனடிக்ட் நடித்த ஸ்டார்பக், சுருட்டும் சீட்டாட்டமும் குறும்புச் சிரிப்புமாகத் திரியும் போர்விமானி. எங்களுக்கு அவன் வீட்டு மனிதன். அந்தப் பாத்திரத்தில் கேட்டி சாக்காஃப் என்ற பெண் நடிக்கிறார் என்று படித்த அன்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமன்று. பார்க்கவே மாட்டேன் என்றேன். ஓர் ஆண்டு சொன்னபடியே இருந்தேன். பெனடிக்டே புதிய தொடரைச் சாடி 2004இல் ஒரு கட்டுரை எழுதினார். "பார்த்தாயா அண்ணா, அவரே சொல்லிவிட்டார்" என்று அதை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பிறகு ஓர் இரவு '33' என்ற அத்தியாயத்தைப் பார்க்க நேர்ந்தது. முப்பத்து மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை எதிரி வந்துவிடுகிறான். ஐந்து நாளுக்கு மேலாக யாருக்கும் தூக்கமில்லை. எஞ்சியிருக்கும் மனிதர்களை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. கண் சிவந்து, சிடுசிடுத்து, யாரோடும் மோதத் தயாராக நிற்கும் அந்தப் பெண் விமானியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பழைய முகம் எந்த நிமிடத்தில் என் மனத்திலிருந்து விலகியது என்று தெரியவில்லை. அன்று விடிய விடிய மற்ற அத்தியாயங்களையும் பார்த்தேன்.

ஆகவே நான் சொல்வது இது: முதலில் பொங்கும் கோபத்தில் பெரும்பகுதி, பழகிய முகத்தைப் பறிகொடுத்த துக்கம். அதை இனவெறி என்று அவசரப்பட்டு அழைக்க வேண்டாம். ஆனால் அந்தத் துக்கத்தைத் தொடரின் குறையாக எண்ணவும் வேண்டாம்.

16 ஏப்ரல், இரவு

ஒரு விளக்கம். புதிய தொடரில் ஸ்டார்பக் என்பது ஆளின் பெயரன்று. விமானிகள் வானொலியில் அழைத்துக்கொள்ளும் குறிப்பெயர். அவள் பெயர் காரா திரேஸ். இன்னொரு விமானியான அப்பல்லோவின் பெயர் லீ அடாமா. தொடரை உருவாக்கிய ரொனால்டு டி. மூர் பழைய பெயர்களைச் சட்டைபோலக் கழற்றி மாட்டிவிட்டு, உள்ளே வேறு மனிதர்களை வைத்தார். இதைக் கவனித்திருந்தால் அந்த ஓராண்டு எனக்கு வீணாகியிருக்காது.

18 ஏப்ரல்

"கதையின் தர்க்கம் உடைகிறது, அதுதான் என் எதிர்ப்பு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இதற்குப் பிரிட்டனின் அறிவியல் புனைகதைத் தொடரான 'டாக்டர் ஹூ' நல்ல பதில். அது மறு ஆக்கமன்று, தொடர்ச்சிதான், ஆனால் பொருந்துகிறது. 1966இல் நாயகன் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் விலகி பேட்ரிக் டிரௌட்டன் வந்தபோதே, டாக்டர் சாகும் தறுவாயில் வேறோர் உடலெடுப்பார் என்பது கதைக்குள் வந்துவிட்டது. டாக்டரின் பரம எதிரியான மாஸ்டர் 2014இல் பெண்ணுருவில் வந்தாயிற்று. முகம் மாற இவ்வளவு விரிவாக இடம் வகுத்த கதை வேறேது? அப்படியிருந்தும் 2017 ஜூலையில் ஜோடி விட்டேக்கர் என்ற நடிகை டாக்டராக அறிவிக்கப்பட்டபோது எழுந்த கூச்சலைப் பார்த்தோம்.

தர்க்கம் முழுமையாக இடம் கொடுத்த இடத்திலும் கோபம் வந்தது என்றால், கோபத்துக்குக் காரணம் தர்க்கமன்று. வேறொன்று இருக்கிறது. என் 'பறிகொடுத்த முகம்' வாதமும் இங்கே கொஞ்சம் ஆட்டம் காண்கிறது: டாக்டர் ஹூ ரசிகர்கள் முகங்களைப் பறிகொடுத்துப் பழகியவர்கள். இதற்குத் திரும்ப வருகிறேன்.

19 ஏப்ரல்

நேற்றிரவு ஒரு வாசகர் எழுதிய இரண்டு வரி என்னைத் தூங்கவிடவில்லை. "கலாக்டிகாவில் வந்தவர்களை எண்ணுகிறீர்கள். போனவர்களை எண்ணினீர்களா?"

எண்ணினேன். பழைய தொடரில் கர்னல் டை பாத்திரத்தில் நடித்தவர் டெர்ரி கார்ட்டர், கறுப்பினத்தவர். கப்பலில் தளபதிக்கு அடுத்த நிலை அவருடையது. விமானி பூமராக நடித்த ஹெர்ப் ஜெஃபர்சனும் கறுப்பினத்தவர். 1978இல், அமெரிக்கத் தொலைக்காட்சியில், இரண்டு கறுப்பின அதிகாரிகள். புதிய தொடரில் டை ஆக வந்தவர் மைக்கேல் ஹோகன், வெள்ளையர். பூமராக வந்தவர் கிரேஸ் பார்க், கொரிய வம்சாவளிப் பெண். தளபதி அடாமாவின் இடத்துக்கு, லோர்ன் கிரீனுக்குப் பதிலாக, மெக்சிக வம்சாவளியினரான எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ் வந்தார். டுவாலா என்ற தகவல்தொடர்பு அதிகாரியாகக் கேண்டிஸ் மெக்லூர் இருந்தார், உண்மை. ஆனால் பழைய தொடர் தந்த இரண்டு கறுப்பின ஆண் அதிகாரிகளின் இடமும் போய்விட்டது.

என்னை வதைப்பது இதுதான். ஸ்டார்பக் பெண்ணானதற்காக ஓராண்டு உண்ணாவிரதம் இருந்ததுபோல இருந்தேன். டை வெள்ளையரானது என் கண்ணில் படவே இல்லை. இருபது ஆண்டுகளாகப் படவில்லை. பறிகொடுத்த முகத்துக்கான துக்கம் என்று முதல் நாள் எழுதினேனே, டெர்ரி கார்ட்டரின் முகத்தையும்தானே பறிகொடுத்தேன்? அதற்கு ஏன் ஒரு சொட்டுத் துக்கமும் வரவில்லை?

முதல் குறிப்பில் சொன்னதை அப்படியே வைத்திருக்க முடியாது. எந்த முகம் மறைந்தால் துக்கம் வருகிறது, எந்த முகம் மறைந்தால் வருவதில்லை என்பதில் இனமும் பாலும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. எழுதிய வாசகருக்கு நன்றி. இது எனக்கு நன்றாக வலித்தது.

19 ஏப்ரல், பிற்பகல்

பூமர் பற்றி இன்னொன்று. கிரேஸ் பார்க் நடித்த ஷேரன் தன்னையறியாமலே எதிரியின் உளவாளி, மனித உருவில் வார்க்கப்பட்ட இயந்திரம் என்பது குறுந்தொடரின் கடைசியில் வெளிப்படுகிறது. ஆசிய முகத்துக்குக் கிடைத்த பெரிய பாத்திரம் 'நம்மவர்போல வேடமிட்டு உள்ளே நுழைந்தவள்' என்பதாக இருந்தது. மற்ற உளவாளிகளில் பலர் வெள்ளையர், ஆகவே இதைச் சதி என்று சொல்லமாட்டேன். பார்க் அதே முகத்தில் பல பிரதிகளாக, ஒருத்தி துரோகியாகவும் ஒருத்தி விசுவாசியாகவும், நடித்த விதம் அந்தத் தொடரின் பெரும் சாதனைகளில் ஒன்று. ஆனாலும் உறுத்துகிறது. உறுத்தலும் பாராட்டும் ஒரே மனத்தில் இருக்கட்டும்.

22 ஏப்ரல்

"மூலத்துக்கு உண்மையாக இருக்க வேண்டும்" என்பவர்களுக்கு ஒரு கேள்வி. எந்த மூலம்?

1972 முதல் 1975 வரை ஓடிய 'குங் ஃபூ' என்ற அமெரிக்கத் தொடரின் நாயகன் குவாய் சாங் கெய்ன், பாதிச் சீனர். ஷாவோலின் மடத்தில் வளர்ந்தவர். நடித்தவர் டேவிட் காரடின், சீனத் தொடர்பே இல்லாத வெள்ளையர். 2021இல் அதே பெயரில் வந்த புதிய தொடரில் சீன அமெரிக்கக் குடும்பத்துப் பெண்ணை நாயகியாக்கி, ஒலிவியா லியாங்கை நடிக்க வைத்தார்கள். கதையும் இன்றைய சான் பிரான்சிஸ்கோவுக்கு நகர்ந்தது. இதில் யார் எதை மாற்றினார்கள்? பாத்திரத்துக்குப் பொருந்தாத தேர்வு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது. அப்போது அதற்குப் பெயர் 'நடிப்பு' என்றிருந்தது. திருத்தியபோது அதற்கு 'அரசியல்' என்று பெயர் வந்தது.

புதிய தொடர் மகத்தானது என்று சொல்லவரவில்லை. மூன்று பருவங்கள் ஓடியது. சில அத்தியாயங்கள் எனக்கு அலுப்பூட்டின. அலுத்ததற்குக் காரணம் திரைக்கதை.

23 ஏப்ரல்

சுருக்கமாக. 2022 மே மாதம் 'பெர்சி ஜாக்சன்' நாவல்களின் தொலைக்காட்சி வடிவத்தில் நாயகி ஆனபெத்தாக லியா ஜெஃப்ரிஸ் அறிவிக்கப்பட்டார். நாவலில் ஆனபெத்துக்குப் பொன்னிறக் கூந்தல். லியா கறுப்பினச் சிறுமி. அப்போது அவருக்கு வயது பன்னிரண்டு. அந்தக் குழந்தைமேல் வளர்ந்த மனிதர்கள் கொட்டிய வசையைக் கண்டு, நாவலாசிரியர் ரிக் ரியோர்டன் நேரடியாகவே எழுதினார்: நீங்கள் செய்வது இனவெறி என்று.

நாவலை எழுதியவரே இவள்தான் என் ஆனபெத் என்கிறார். மூலத்தின் பெயரால் யாரிடம் சண்டை போடுகிறார்கள்? கூந்தலின் நிறம் பற்றி வருத்தப்படுங்கள், எனக்குப் புரியும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் வாசலில் போய் நின்று கத்துகிறவருக்கு என்னிடம் எந்தப் புரிதலும் கிடையாது. துக்கம், ஞாபகம் என்று நான் மேலே எழுதிய எதையும் அவர்கள் துணைக்கு அழைத்துக்கொள்ள வேண்டாம்.

27 ஏப்ரல்

நல்ல தேர்வு எது, ஒப்புக்கான தேர்வு எது என்று எப்படிப் பிரிப்பது? இத்தனை நாளும் என்னிடம் ஓர் அளவுகோல் இருந்தது: முகத்தை மாற்றினால் எழுத்தும் மாற வேண்டும்.

வழக்கறிஞர் ஒருவரின் கதையான 'பெர்ரி மேசன்' அதற்கு என் முதல் எடுத்துக்காட்டு. 1957 முதல் 1966 வரை வந்த பழைய தொடரில் துப்பறிவாளர் பால் டிரேக்காக வில்லியம் ஹாப்பர் நடித்தார். சிகரெட்டும் கோட்டுமாக வந்து தகவல் தந்துவிட்டுப் போகும் உற்சாகமான ஆள். 2020இல் வந்த மறு ஆக்கத்தில் கிறிஸ் சாக், கறுப்பினத்தவர். ஆனால் வெறுமனே முகத்தை மாற்றிவிட்டுப் போகவில்லை. 1930களின் லாஸ் ஏஞ்சல்ஸில் அவர் ரோந்துக் காவலர். குற்றம் நடந்த இடத்தில் கண்டதை உள்ளபடி அறிக்கையில் எழுதுகிறார். மேலே இருக்கும் வெள்ளைத் துப்பறிவாளர்கள் அதை மாற்றி எழுதச் சொல்கிறார்கள். வீட்டில் கர்ப்பிணி மனைவி. மாற்றி எழுதுகிறார். அந்த ஒரு காரியம் அவரை உள்ளிருந்து அரிக்கிறது. கடைசியில் சீருடையைக் கழற்றிவிட்டு மேசனிடம் வருகிறார். பழைய டிரேக் ஏன் மேசனோடு இருந்தார் என்று நான் யோசித்ததே இல்லை. புதிய டிரேக்குக்கு அதற்கொரு காரணம் இருந்தது, அந்தக் காரணம் அவர் நிறத்திலிருந்து பிரிக்க முடியாதது.

இதை நிறம் அறிந்த தேர்வு என்கிறேன். நிறம் பாராத தேர்வைவிட இது உயர்ந்தது என்று உறுதியாக நம்பியிருந்தேன்.

28 ஏப்ரல்

நம்பிக்கை ஒரு நாள்தான் தாங்கியது. நேற்று எழுதி முடித்தபின் 1997இல் வந்த 'சிண்ட்ரெல்லா' நினைவுக்கு வந்துவிட்டது.

அது தொலைக்காட்சிக்கென்றே எழுதப்பட்ட இசை நாடகம். 1957இல் ஜூலி ஆண்ட்ரூஸ் நடிக்க நேரலையாக ஒளிபரப்பானபோது பத்துக் கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். 1965இல் லெஸ்லி ஆன் வாரன் நடிக்க மறுபடி எடுத்தார்கள். மூன்றாம் முறை சிண்ட்ரெல்லா, பாடகி பிராண்டி. தேவதை, விட்னி ஹூஸ்டன். அரசி ஊபி கோல்ட்பர்க், அரசர் விக்டர் கார்பர், அவர்களுக்குப் பிறந்த இளவரசர் பிலிப்பைன்ஸ் வம்சாவளியினரான பாவ்லோ மொண்டல்பன்! கறுப்பின அரசிக்கும் வெள்ளை அரசருக்கும் இப்படியொரு மகன் எப்படி என்று நாடகம் ஒரு வார்த்தை பேசவில்லை. யாரும் யாரையும் வியந்து பார்ப்பதில்லை. செருப்பு பொருந்த வேண்டும், அவ்வளவுதான் கவலை. ஆறு கோடிப் பேர் பார்த்தார்கள்.

எந்த விளக்கமும் இல்லை, நிறத்துக்காக எழுத்தில் எந்த மாற்றமும் இல்லை. என் அளவுகோலின்படி அது தோற்றிருக்க வேண்டும். ஆனால் அதைப் பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. கறுப்பினச் சிறுமி ஒருத்தி இளவரசியாவதற்கு எதற்காக நம்மிடம் சான்று காட்ட வேண்டும்? விளக்கம் கேட்பதே ஒரு சுங்கச்சாவடிதான். வெள்ளைச் சிண்ட்ரெல்லாவிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

அப்படியானால் இரண்டும் சரியா? சரி. 1930களின் லாஸ் ஏஞ்சல்ஸில் கதை நடந்தால் நிறத்தைப் பாராமல் இருப்பது பொய். கண்ணாடிச் செருப்பு இருக்கும் ஊரில் அந்தக் கட்டாயம் இல்லை. கதை தன் உலகத்தைப் பற்றி என்ன வாக்குக் கொடுத்திருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். நேற்றைய 'உயர்ந்தது' என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.

3 மே

கிரேஸ் பார்க் இன்னொரு மறு ஆக்கத்திலும் இருந்தார்: 'ஹவாய் ஃபைவ்-ஓ' என்ற காவல்துறைத் தொடர். 1968 முதல் 1980 வரை ஓடிய பழைய தொடரில் கோனோ ஓர் ஆண். நடித்த சூலு, ஹவாய்ப் பூர்வகுடியினர். சின் ஹோ கெல்லியாக வந்த காம் ஃபாங் நிஜமாகவே ஹொனலூலுக் காவல்துறையில் பணியாற்றியவர். 2010இல் வந்த புதிய தொடரில் கோனோ கிரேஸ் பார்க் ஆனார், சின் ஹோ டேனியல் டே கிம் ஆனார். சுவரொட்டியில் நால்வர்: இரண்டு வெள்ளையர், இரண்டு கொரிய வம்சாவளியினர். பார்க்க அழகாக இருந்தது. ஹவாய்ப் பூர்வகுடி நடிகரின் இடம் போனதை இப்போதுதான் கணக்கில் எடுக்கிறேன். டெர்ரி கார்ட்டர் விஷயத்துக்குப் பிறகு என் கண் இப்படித்தான் பார்க்கிறது.

ஏழு பருவங்கள் கழித்து 2017இல் பார்க், கிம் இருவரும் விலகினார்கள். வெள்ளை நாயகர்கள் இருவருக்கும் இணையான ஊதியம் கேட்டு, உடன்பாடு எட்டவில்லை என்று செய்தி வந்தது. கணிசமான உயர்வு தர முன்வந்தோம் என்றது தொலைக்காட்சி நிறுவனம். உயர்வு வேறு, இணை வேறு.

'எல்லா இடத்திலும் இவர்களைத்தான் போடுகிறார்கள்' என்று புலம்புகிறவர்களும், 'பாருங்கள், எவ்வளவு மாறிவிட்டது' என்று கொண்டாடுகிற என்னைப் போன்றவர்களும் ஒரே சுவரொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். சம்பளப் பட்டியலை யாரும் பார்க்கவில்லை.

4 மே

தொடர்களுக்கு இணையத்தில் பார்வையாளர்கள் போடும் மதிப்பெண்கள் பற்றிக் கேட்டிருந்தார்கள். 2022 ஆகஸ்டில் 'எ லீக் ஆஃப் தேர் ஓன்' வந்தபோது (1992 திரைப்படத்தின் தொலைக்காட்சி மறு ஆக்கம், பெண்கள் பேஸ்பால் அணியில் இடம் மறுக்கப்பட்ட கறுப்பினப் பெண்ணுக்கும் இதில் முழுக் கதை உண்டு) அமேசான் பார்வையாளர் விமர்சனங்களை 72 மணி நேரம் நிறுத்திவைத்துப் பிறகு வெளியிடத் தொடங்கியது. முதல் அத்தியாயத்தைப் பார்க்குமுன்பே ஒற்றை நட்சத்திரங்களை அள்ளி வீசும் வழக்கத்துக்கு எதிரான ஏற்பாடு.

இதில் என் சொந்த அனுபவம் கசப்பானது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மறு ஆக்கம் எனக்கு உண்மையிலேயே பிடிக்கவில்லை. வசனம் தட்டை, முடிச்சுகள் எல்லாம் முன்கூட்டியே தெரிந்தன. பத்து அத்தியாயமும் பார்த்துவிட்டுக் குறைந்த மதிப்பெண் போட்டேன். மறுநாள் பார்த்தால் என் மதிப்பெண்ணுக்கு மேலும் கீழும் நடிகையின் தோல் நிறத்தைப் பழிக்கும் வரிகள். யாரோடு வரிசையில் நிற்கக்கூடாது என்று வாழ்நாள் முழுதும் நினைத்தேனோ அவர்களோடு நின்றிருந்தேன். அழித்துவிட்டேன். அழித்ததும் சரியில்லை என்று இப்போது படுகிறது. மோசமான எழுத்தை மோசம் என்று சொல்ல ஆள் இல்லாமல் போனால், நல்ல எழுத்துக்காகப் போராடும் அந்த நடிகைக்கும் அது உதவாது.

9 மே

இப்போது எல்லோரும் காத்திருக்கும் விஷயம். 'ஹாரி பாட்டர்' தொலைக்காட்சித் தொடரில் மந்திரப் பள்ளி ஆசிரியர் ஸ்னேப்பாகக் கறுப்பினத்தவரான பாபா எசியெடு நடிப்பதை 2025 ஏப்ரலில் உறுதிசெய்துவிட்டார்கள். திரைப்படங்களில் ஸ்னேப்பாக நடித்த அலன் ரிக்மனின் குரல் காதில் இருக்கும்வரை யார் வந்தாலும் இழப்புதான், அதை மறைக்கவில்லை.

ஆனால் ஒரு வாசகர் எழுப்பிய ஐயம் வேறு வகை. கதையில் ஹாரியின் தந்தையும் தோழர்களும் மாணவன் ஸ்னேப்பை எல்லோர் முன்னிலையிலும் தலைகீழாகத் தொங்கவிட்டு அவமானப்படுத்துகிறார்கள். கறுப்பின மாணவனை வெள்ளை மாணவர்கள் அப்படிச் செய்தால் காட்சியின் பொருளே மாறிவிடும் என்கிறார். வெறுப்பிலிருந்து வரும் கேள்வியன்று இது. கதையை ஊன்றிப் படித்தவரின் கேள்வி.

என் பதில்: மாறட்டும். அந்தக் காட்சி முதலிலிருந்தே கொடுமையானதுதான். ஹாரியே அதைப் பார்த்து, தன் தந்தையைப் பற்றி வெட்கப்படுகிறான். புதிய தொடர் அந்தக் கனத்தைத் தாங்கி எழுதினால் ஸ்னேப்பின் கசப்புக்கு வேறோர் ஆழம் கிடைக்கும். கண்டும் காணாததுபோலக் கடந்துபோனால் இந்த வாசகர் சொன்னது பலித்துவிடும். தேர்வை இன்றே குற்றம் சொல்லமாட்டேன். எழுத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வேன்.

10 மே

ஏப்ரல் 18ஆம் தேதி 'வேறொன்று இருக்கிறது' என்று எழுதிப் பாதியில் விட்டேன். அதைச் சொல்ல இத்தனை நாள் பிடித்தது.

சின்ன வயதில் நானும் அண்ணனும் கலாக்டிகா விளையாடுவோம். கவிழ்த்துப் போட்ட நாற்காலிதான் போர்விமானம். ஸ்டார்பக் எப்போதும் அண்ணன். நான் ஒருமுறை கேட்டேன். "நீ எப்படி ஸ்டார்பக் ஆவாய்? நீ பெண்தானே" என்றான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவனுக்கும் பத்து வயது. நான் அழவில்லை, சண்டை போடவில்லை. அவன் சொன்னது எனக்கும் சரியாகவே பட்டது. அதன்பின் கேட்கவே இல்லை.

2003இல் ஒரு பெண் அந்த விமானத்தில் ஏறி உட்கார்ந்தபோது வெகுண்டவள் நான். எனக்கு மறுக்கப்பட்டதை அவளுக்குக் கொடுத்துவிட்டார்களே என்ற கோபம் அதில் இருந்தது என்று இப்போது புரிகிறது. விட்டுக்கொடுத்தது நியாயம் என்று நம்பித்தானே இத்தனை நாள் இருந்தேன்? அவள் ஏறி உட்கார்ந்ததும் அந்த நம்பிக்கை பொய்யாகிவிட்டது.

எல்லோருடைய கோபத்துக்கும் இதுவே காரணம் என்று சொல்லவில்லை. என்னுடையதற்கு இதுதான்.

18 மே

அண்ணனைத் தொலைபேசியில் அழைத்து, பழைய தொடரில் கர்னல் டை யார் என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்தார். "தளபதி பக்கத்தில் ஒருவர் நிற்பாரே..." என்றார். முகம் வரவில்லை. நாற்காலி விளையாட்டை நினைவுபடுத்தியதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீ கேட்டது எனக்கு ஞாபகமே இல்லையே" என்றார்.

நேற்று இருவரும் சேர்ந்து 1978இன் முதல் அத்தியாயத்தைப் போட்டோம். இம்முறை ஸ்டார்பக் வரும்போதெல்லாம் நான் அவன் தோளுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருந்தேன். கட்டளை மேடையில் டெர்ரி கார்ட்டர் நிமிர்ந்து நிற்கிறார், குரலை உயர்த்தாமலே உத்தரவிடுகிறார். ஹெர்ப் ஜெஃபர்சன் மற்ற விமானிகளோடு ஓடிப்போய் விமானத்தில் ஏறுகிறார். அண்ணன் ஓரிடத்தில் நிறுத்தச் சொல்லி, பின்னால் ஓட்டி, அந்தக் காட்சியை இன்னொரு முறை பார்த்தார்.

அடுத்த வாரம் மிச்சத்தைப் பார்க்கிறோம்.